வருங்கால விரிவை எண்ணிச் சிறு பங்களாவைப் புதுப்பித்தல்

பழைய வீடு ஒன்றைப் பழுதுபார்க்கத் தொடங்கும்போது, வீட்டுக்காரரின் கவனம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் குறைகளிலேயே செல்கிறது. ஒழுகும் கூரை, உதிரும் காரை, இருண்ட சமையலறை, வீட்டுக்கு வெளியே தனித்து நிற்கும் குளியலறை ஆகியவற்றைச் சரிசெய்து வெள்ளையடித்துவிட்டால் வேலை முடிந்ததாகக் கருதப்படுகிறது. ஆனால் குடும்பத்தின் தேவை அத்துடன் நிற்பதில்லை. எட்டுப் பத்து ஆண்டுகளில் மகனுக்குத் திருமணம் ஆகிறது. முதியோருக்குத் தனியறை தேவைப்படுகிறது. அல்லது ஒரு பகுதியை வாடகைக்கு விடவேண்டிய நிலை ஏற்படுகிறது. அப்பொழுது, புதிதாகப் பாவிய தரையைப் பெயர்த்துக் கழிவுநீர்க் குழாயை மாற்றுவதும், அண்மையில் கட்டிய சுவரை இடித்து மாடிப்படிக்கு இடம் தேடுவதும் தவிர்க்க முடியாதவை ஆகின்றன. வீண் செலவினும் பெரிய கேடு மற்றொன்று உண்டு. பழைய சுவரும் கடைக்காலும் தாங்குமா என்று ஆராயாமலேயே அவற்றின்மேல் மாடி எழுப்பப்படுகிறது.

இவ்விரு கேடுகளையும் தவிர்க்கும் வழி எளியது. இறுதியில் வீடு எவ்வாறு அமைய வேண்டுமோ அந்த முழுத் திட்டத்தை முதலில் வரைந்துகொண்டு, இன்று செய்யும் பழுதுபார்ப்பை அத்திட்டத்தின் முதற்பகுதியாக அமைத்தல் வேண்டும். ஹைதராபாத் நகரத்துக்கு ஏற்ற எடுத்துக்காட்டு ஒன்றைக் கொண்டு இம்முறை இங்கு விளக்கப்படுகிறது. வீட்டுக்காரருக்கு ஆலோசனை கூறும் கள ஊழியர்க்கும், அளவையும் வரைபடமும் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இது பயன்படும்.

நகரமும் அதன் வீடுகளும்

ஹைதராபாத் தக்காணப் பீடபூமியில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 540 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. நகரத்தின் அடியில் இருப்பது கருங்கற் பாறை. பாறை சிதைந்து உண்டான கெட்டியான செம்மொரம்பு பல இடங்களில் சிறிது ஆழத்திலேயே கிடைக்கிறது. கடைக்காலுக்கு இது சிறந்த நிலம். ஆயினும் நகரம் முழுவதும் ஒரே தன்மையுடையதன்று. தாழ்ந்த இடங்களில் களிமண்ணும் கரிசலும் உள்ளன. பழைய ஏரிகளும் குட்டைகளும் தூர்ந்த இடங்களில் கொட்டு மண்ணே உள்ளது. மாசாப் டாங்க் என்னும் பகுதியின் பெயர், அங்கு முன்பு ஏரி ஒன்று இருந்ததை இன்றும் நினைவூட்டுகிறது. ஆகவே, பக்கத்து வீட்டின் கடைக்கால் ஆழத்தைக் கேட்டறிந்து அதையே பின்பற்றுவது போதாது.

சிகந்தராபாத் 1806ஆம் ஆண்டு படைமுகாமாக ஏற்பட்டது. அகன்ற தோட்டம், முன்தாழ்வாரம், உயர்ந்த கூரை, தடித்த சுவர் ஆகியவற்றையுடைய பங்களா அமைப்பு அங்கும் ஹைதராபாத்திலும் பரவியது. பிற்காலத்துச் சிறு வீடுகளும் அதே அமைப்பைச் சுருக்கிக் கட்டப்பட்டவையே. இவற்றின் சுவர்கள் கருங்கல்லாலோ செங்கல்லாலோ சுண்ணாம்புச் சாந்து கொண்டு எழுப்பப்பட்டவை. தரையில் ஷாபாத் கல் பாவியிருக்கும். கூரை இருவகைப்படும். தேக்கு உத்திரங்களின்மேல் செங்கற்களைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சல்லி இட்டு இடித்த மெட்ராஸ் தளம் ஒருவகை. இரும்பு உத்திரங்களுக்கிடையே சிறுசிறு வளைவுகள் கட்டி மேலே சல்லியிட்டு நிரப்பிய வளைவுத் தளம் மற்றொரு வகை.

வீடுகளின் பயன் காலந்தோறும் மாறும் என்பதற்கு இந்நகரிலேயே சான்று உண்டு. ஆபிட்ஸ் பகுதியில் சரோஜினி நாயுடு அம்மையாரின் குடும்பம் வாழ்ந்த பங்களா ‘கோல்டன் திரெஷோல்டு’ எனப் பெயர் பெற்றது. ஹைதராபாத் பல்கலைக்கழகம் 1974ஆம் ஆண்டு தோன்றியபோது, அது தன் பணியைத் தொடங்கிய இடம் அந்த வீடே. குடும்பத்துக்காகக் கட்டிய வீடு பல்கலைக்கழகத்துக்கே இடமளிக்க நேர்ந்ததெனில், சிறு வீடு ஒன்றுக்கு இரண்டு அறைகள் கூடுதலாகத் தேவைப்படும் என்று எண்ணித் திட்டமிடுவது மிகையாகாது.

எடுத்துக்காட்டு வீடு

கிழக்கு மேற்காக 15 மீட்டரும் வடக்குத் தெற்காக 24 மீட்டரும் உள்ள மனை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். தெரு வடக்கில் உள்ளது. தெருவிலிருந்து 5 மீட்டர் தள்ளி, 9 மீட்டர் அகலமும் 10 மீட்டர் ஆழமும் கொண்ட பங்களா நிற்கிறது. மேற்கில் 2 மீட்டர், கிழக்கில் 4 மீட்டர், தெற்கில் 9 மீட்டர் இடம் காலியாக உள்ளது. முன்தாழ்வாரம், கூடம், இரு அறைகள், தென்கிழக்கில் சமையலறை ஆகியவை வீட்டின் பகுதிகள். குளியலறையும் கழிப்பறையும் பின்புறத்தில் தகரக் கொட்டகையில் இருக்கின்றன. சுவர்கள் 38 செ.மீ. தடிமனுள்ள செங்கற் சுவர்கள். கூரை வளைவுத் தளம்.

இக்குடும்பத்துக்கு இன்று வேண்டுபவை மூன்று: ஒழுகாத கூரை, வீட்டோடு இணைந்த குளியலறையும் கழிப்பறையும், புதிய மின்கம்பி அமைப்பு. பின்னாளில் வேண்டுபவை இரண்டு: தரைத்தளத்தில் ஓர் அறை, அதன்மேல் மாடியில் ஓர் அறை. இன்றைய மூன்றையும் எவ்விடத்தில் எவ்வாறு செய்தால் பின்னைய இரண்டும் எளிதாகும் என்பதே கேள்வி.

முதலில் அளத்தல், அடுத்து ஆராய்தல்

பழைய வீட்டுக்கு வரைபடம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அது கட்டியபடி இருப்பதில்லை. ஆகையால் ஒவ்வோர் அறையின் நான்கு பக்கங்களையும் இரு மூலைவிட்டங்களையும் அளந்து, 50க்கு 1 என்ற அளவில் படம் வரைதல் வேண்டும். மூலைவிட்டங்கள் சமமாக இல்லாவிட்டால் அறை கோணியிருக்கிறது என்று பொருள். தரைமட்டம், தெருமட்டம், தெருக் கழிவுநீர்த் தொட்டியின் அடிமட்டம் ஆகிய மூன்றையும் நீர் நிரப்பிய மட்டக்குழாய் கொண்டு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளல் வேண்டும். எந்தச் சுவர்மீது உத்திரங்கள் தங்கியுள்ளன என்பதை அம்புக்குறியால் படத்தில் காட்டுவது மிக முக்கியம்.

வளைவுத் தளத்தில் ஒரு தனித்தன்மை உண்டு. ஒவ்வொரு வளைவும் இருபுறமும் பக்கவாட்டில் தள்ளுகிறது. நடுவில் உள்ள உத்திரங்களில் இருபுறத் தள்ளலும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. கடைசி வளைவின் தள்ளலை ஓரச் சுவரோ, அங்கு இட்டுள்ள இழுகம்பிகளோதாம் தாங்குகின்றன. அறையைப் பெரிதாக்கும் ஆசையால் அந்த ஓரச் சுவரை இடித்தாலும், குறுக்கே தெரியும் கம்பிகள் அழகைக் கெடுக்கின்றன என்று அறுத்தாலும், வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியக்கூடும். உத்திரங்களுக்கு இணையாக ஓடும் சுவர் சுமை தாங்காது என்று கொத்தனார் கூறுவது வளைவுத் தளத்துக்குப் பொருந்தாது.

வெடிப்புகளை மூடுவதற்குமுன் அவை வளர்கின்றனவா என்பதை அறிதல் வேண்டும். வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்தால் இருபுறமும் ஒட்டித் தேதியை எழுதிவைத்தால், ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழிவதற்குள் விடை கிடைக்கும். கண்ணாடி உடையாவிட்டால் வெடிப்பு பழையது. உடைந்தால் சுவர் இன்னும் அசைகிறது. அசையும் சுவருக்கு அருகே புதிய கட்டடத்தை இணைக்கலாகாது.

கூரை ஒழுகும்போதெல்லாம் அதன்மேல் மேலும் ஒரு பூச்சுப் பூசுவது வழக்கமாகிவிட்டது. 5 செ.மீ. தடிமனுள்ள பூச்சு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 110 கிலோ நிறையுடையது. 80 சதுர மீட்டர் கூரையில் அது 8 டன்னுக்கும் மேற்பட்ட சுமையாகும். எனவே, சேர்ந்துபோன பூச்சுகளை நீக்கி, உத்திரங்களின் துருவை ஆராய்ந்து, வாட்டம் சரிசெய்த பிறகே ஒரே நீர்த்தடைப் பூச்சு இடுதல் நலம். சுண்ணாம்புச் சுவரின் உதிர்ந்த காரையைச் சுண்ணாம்புக் காரையாலேயே சரிசெய்தல் வேண்டும். இறுக்கமான சிமெண்டுப் பூச்சு சுவருக்குள் உள்ள ஈரத்தை வெளியேற விடாது. சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்றுவிடும்.

பழைய சுவர் எவ்வளவு தாங்கும்?

மாடி எழுப்பினால் சுமை எவ்வளவு கூடும் என்பதை எளிய கணக்கால் அறியலாம். இருபுறமும் 3.6 மீட்டர் அகலமுள்ள அறைகளுக்கு இடையே, உத்திரங்களைத் தாங்கி நிற்கும் நடுச்சுவரின் ஒரு மீட்டர் நீளத்தை எடுத்துக்கொள்ளலாம். இருபுறக் கூரையிலும் பாதிப் பாதி, அதாவது மொத்தம் 3.6 மீட்டர் அகலமுள்ள கூரையின் சுமை அதன்மேல் விழுகிறது.

இப்போதுள்ள சுமை:
வளைவுத் தளம், ச.மீ.க்கு 500 கிலோ வீதம் – 1,800 கிலோ
நடமாட்டச் சுமை, ச.மீ.க்கு 150 கிலோ வீதம் – 540 கிலோ
4 மீட்டர் உயரச் சுவர் – 2,900 கிலோ
தரைக்குக் கீழுள்ள கட்டு – 1,400 கிலோ
மொத்தம் ஏறத்தாழ 6,600 கிலோ

மாடியால் கூடும் சுமை:
12.5 செ.மீ. காங்கிரீட் தளம், நீர்த்தடைப் பூச்சு, நடமாட்டச் சுமை சேர்த்து ச.மீ.க்கு 612 கிலோ வீதம் – 2,200 கிலோ
3 மீட்டர் உயரமும் 23 செ.மீ. தடிமனும் உள்ள சுவர் – 1,325 கிலோ
பழைய கூரை வசிக்கும் தளமாக மாறுவதால் கூடும் நடமாட்டச் சுமை – 180 கிலோ
மொத்தம் ஏறத்தாழ 3,700 கிலோ

கடைக்காலின் அகலம் 75 செ.மீ. எனில், மண்ணின்மேல் இப்போதுள்ள அழுத்தம் ச.மீ.க்கு ஏறத்தாழ 8.8 டன். மாடி வந்தபின் அது ஏறத்தாழ 13.7 டன்னாகும், அதாவது ஒன்றரை மடங்கினும் சற்று மிகுதி. கெட்டியான மொரம்பு இதைத் தாங்கக்கூடும். ஈரக் களிமண்ணோ கொட்டு மண்ணோ தாங்காமல் அமிழும். அமிழ்வது எங்கும் ஒரே அளவாக இருப்பதில்லை; ஆகவே சுவர்கள் வெடிக்கும். மேலும், இக்கணக்கு மண்ணைப் பற்றியது மட்டுமே. நலிந்த சுண்ணாம்புச் சாந்தும் துருப்பிடித்த உத்திரமும் வசிக்கும் தளமொன்றைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி.

கடைக்காலின் நிலையை அறிய, சுவரையொட்டி ஒரு மீட்டர் சதுரமுள்ள ஆய்வுக் குழிகள் இரண்டை வெவ்வேறு மூலைகளில் தோண்டலாம். கடைக்காலின் அகலம், ஆழம், சாந்தின் உறுதி, அடிமண்ணின் வகை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். குழியை மழைக்காலத்தில் தோண்டலாகாது. கடைக்காலின் அடிக்குக் கீழும் தோண்டலாகாது. பார்த்து முடித்தவுடன் மண்ணை அடுக்கடுக்காக இட்டுத் திமிசால் இறுக்கிவிட வேண்டும். இறுதி முடிவு கட்டடப் பொறியாளருடையது. அவர் கேட்கும் செய்திகளைத் திரட்டித் தருவதே கள ஊழியரின் பணி.

நில நடுக்கத்தையும் மறத்தலாகாது. இந்தியத் தர நிறுவனத்தின் நிலநடுக்க வரைபடம் 2002ஆம் ஆண்டுப் பதிப்பிலும் 2016ஆம் ஆண்டுப் பதிப்பிலும் ஹைதராபாத்தை இரண்டாம் மண்டலத்தில், அதாவது குறைந்த இடர் உள்ள மண்டலத்தில், வைத்தது. ஆனால் இதே தக்காணப் பீடபூமியில், மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியில் 1993 செப்டம்பர் 30ஆம் நாள் ஏற்பட்ட நில நடுக்கத்தில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். அப்பகுதியும் அதற்குமுன் இடர் குறைந்ததாகவே கருதப்பட்டிருந்தது. மண் சாந்தில் கட்டிய தடித்த கற்சுவர்களும் அவற்றின்மீதிருந்த கனத்த கூரைகளும் சரிந்ததே உயிர்ச்சேதத்துக்குப் பெருங்காரணம். பழைய சுவர்கள்மீது பாரம் ஏற்றுவோர் இதனை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

எடுத்துக்காட்டு வீட்டுக்கு இக்கணக்கிலிருந்து கிடைக்கும் முடிவு இது: பழைய பங்களா தன் கூரையை மட்டும் தாங்கி ஒரே தளமாக நிற்கட்டும். வளர்ச்சி முழுவதையும், தனிக் கடைக்கால் கொண்ட புதிய பகுதி ஒன்று தாங்கட்டும்.

விரிவு எந்தத் திசையில்?

காலியிடம் தெற்கில் இருப்பதால், பின்சுவரையொட்டியே புதிய அறைகளைக் கட்டத் தோன்றும். அவ்வாறு செய்தால் சமையலறையும் பின்னறையும் தெற்குச் சன்னல்களை இழக்கும். பழைய வீடுகளில் பகலிலும் விளக்கெரியும் நடு அறைகள் பெரும்பாலும் இவ்வாறு ஏற்பட்டவையே. அறையின் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கேனும் சன்னல் இருத்தல் வேண்டும் என்பது வெப்பமும் வறட்சியும் உள்ள பகுதிகளுக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறும் அளவு. அந்தச் சன்னலும் வெளியிடத்தை நோக்கித் திறத்தல் வேண்டும்.

ஆகையால் பழைய வீட்டுக்கும் புதிய பகுதிக்கும் இடையே 3 மீட்டர் அகலத்தில் முற்றம் ஒன்று விடப்படுகிறது. முற்றத்துக்கு அப்பால் 9 மீட்டர் நீளமும் 4 மீட்டர் ஆழமும் கொண்டது புதிய பகுதி. அதற்குத் தெற்கே 2 மீட்டர் இடம் எஞ்சும். புதிய பகுதி மேற்கிலிருந்து கிழக்காக மூன்றாகப் பிரிகிறது: 3 மீட்டர் அகலத்தில் குளியலறையும் கழிப்பறையும், 2 மீட்டர் அகலத்தில் மாடிப்படி, 4 மீட்டர் அகலத்தில் அறை. மாலை வெயில் மேற்குச் சுவரையே மிகுதியாகத் தாக்குவதால், வசிக்கும் அறையைக் கிழக்கிலும் குளியலறையை மேற்கிலும் வைத்தல் பொருத்தம்.

தெற்குச் சன்னலுக்கு வெயில் மறைப்பது எளிது. ஹைதராபாத் ஏறத்தாழ 17.4 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. மார்ச், செப்டம்பர் மாதங்களின் சமநாட்களில் நண்பகற் சூரியன் தெற்கே அடிவானிலிருந்து ஏறத்தாழ 73 பாகை உயரத்தில் நிற்கும். 60 செ.மீ. நீண்ட சன்னற் சாய்ப்பு அப்போது தனக்குக் கீழ் 190 செ.மீ. வரை நிழல் தரும். டிசம்பர் 22ஆம் நாளையொட்டி உயரம் 49 பாகையாகக் குறைவதால், நிழல் 70 செ.மீ. அளவே விழும், குளிர்கால வெயில் உள்ளே வரும்.

இதே கணக்கை முற்றத்துக்கும் செய்து பார்த்தல் நலம். புதிய பகுதி 3.3 மீட்டர் உயரமுள்ள ஒற்றைத் தளமாக இருக்கும்வரை, டிசம்பர் நண்பகலில் அதன் நிழல் 2.9 மீட்டர் நீளும். பழைய வீட்டுச் சுவரின் அடியைத் தொடாது. மாடி எழுந்து உயரம் 6.5 மீட்டரானால், நிழல் முற்றத்தைக் கடந்து பழைய சுவரின்மேல் ஏறத்தாழ 3 மீட்டர் உயரம் வரை படரும். வானொளியும் காற்றும் அப்போதும் கிடைக்கும். குளிர்கால வெயில் மட்டும் கிடைக்காது. மாடியறையைக் கட்டும் நாளில் அதனைச் சிறிது தெற்கே தள்ளினால் இக்குறை குறையும். இத்தகைய விளைவுகளைக் காகிதத்திலேயே கண்டுகொள்வதுதான் திட்டமிடலின் பயன்.

மனையைச் சுற்றி விடவேண்டிய இடம், கட்டடத்தின் உயரம் ஆகியவை மனையின் பரப்பையும் தெருவின் அகலத்தையும் பொறுத்து மாநிலக் கட்டட விதிகளால் வரையறுக்கப்படுகின்றன. முழுத் திட்டத்தையும் அவ்விதிகளுடன் ஒப்பிட்ட பின்னரே கடைக்கால் தோண்டுதல் வேண்டும்.

இன்று கட்டும் பகுதியே நாளைய கட்டடத்தின் தொடக்கம்

முதற்கட்டத்தில் கட்டப்படுவது 3 மீட்டருக்கு 4 மீட்டர் அளவுள்ள குளியலறைப் பகுதி மட்டுமே. தனியாக நோக்கினால் அதற்குச் சிறு கடைக்காலும் மெல்லிய சுவரும் போதும். ஆனால் அது இறுதித் திட்டத்தின் மேற்கு மூலையாதலால், அதன் தூண்களும் அடித்தளமும் இரு தளங்களுக்கு ஏற்ப இப்போதே அமைக்கப்படுகின்றன. மாடிப்படிப் பகுதிக்கும் பொதுவாகப் போகும் கிழக்குத் தூண்களின் அடித்தளத்தையும் முழு அளவில் இட்டுவிடுதல் வேண்டும். கரிசல் நிலமாயின், ரூர்க்கியில் 1947இல் தோன்றிய மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த, அடிப்பகுதி குமிழாக விரிந்த பைல் அடித்தளம் ஏற்றது. அதன் குமிழ், தண்டின் விட்டத்தைப்போல் வழக்கமாக இரண்டரை மடங்கு அகலமுடையது. மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கும் மேல்மண்ணைக் கடந்து, ஈரம் மாறாத அடிமண்ணில் அது ஊன்றி நிற்கிறது.

பழைய சுவரையும் புதிய சுவரையும் பல்விட்டுப் பின்னிக் கட்டுவதே உறுதி என்று பலர் எண்ணுகின்றனர். பழைய கடைக்கால் அமிழவேண்டிய அளவு அமிழ்ந்து நிலைத்துவிட்டது. புதியது இனிமேல்தான் அமிழும். இரண்டையும் பின்னினால் வெடிப்பது அந்த இணைப்பே. எடுத்துக்காட்டு வீட்டில் இரண்டையும் இணைப்பது 3 மீட்டர் நீளமுள்ள கூரை வேய்ந்த நடைபாதை ஒன்றே. அது பழைய சுவரைத் தொடும் இடத்தில் நேரான இடைவெளி விட்டு, மழைநீர் புகாதபடி தகட்டால் மூடினால் போதும். பழைய வீட்டிலிருந்து நடைபாதைக்குச் செல்லும் வாயிலுக்குப் புதிதாகச் சுவரை உடைக்க வேண்டுவதில்லை. தென்மேற்கு அறையின் சன்னலுக்குக் கீழுள்ள சுவரை மட்டும் நீக்கினால் அதே அகலத்தில் வாயில் கிடைக்கும். மேலே தாங்குகல் முன்பே இருக்கிறது.

மேலே தொடர்வதற்காகத் தூண்களில் விடப்படும் கம்பிகள் பல வீடுகளில் ஆண்டுக்கணக்காக மழையில் நனைந்து துருவேறி நிற்கின்றன. துரு மேலே நிற்பதோடு அமையாமல், காங்கிரீட்டுக்குள்ளும் இறங்கித் தூணைப் பிளக்கிறது. தொடர்கம்பியின் நீளம், கம்பி விட்டத்தைப்போல் ஏறத்தாழ 50 மடங்கு விடுவது வழக்கம், 16 மி.மீ. கம்பிக்கு அது 80 செ.மீ. ஆகும். சரியான நீளத்தைப் பொறியாளர் குறிப்பார். கம்பிகளுக்குச் சிமெண்டுப் பால் பூசி, சுற்றிலும் பலகையடைத்து, எளிதில் உடைக்கத்தக்க மெலிந்த காங்கிரீட்டால் முழுவதும் மூடிவிட்டால் அவை காக்கப்படும்.

மாடிப்படிக்கான இடம் முதற்கட்டத்தில் வெறுமையாகவே இருக்கும். தளத்துக்குத் தளம் 3.1 மீட்டர் உயரம் எனில், 17.2 செ.மீ. உயரமுள்ள 18 படிகள் வேண்டும். ஒன்பது ஒன்பதாக இருமடிப்பில் அமைத்து, 25 செ.மீ. மிதியும் 90 செ.மீ. அகலமும் விட்டால், 2 மீட்டருக்கு 3 மீட்டர் இடத்தில் அது அடங்கும். அவ்விடத்தில் அதுவரை செடி வளரலாம், துணி உலர்த்தலாம், கிணறோ நீர்த்தொட்டியோ அமைக்கலாகாது.

மண்ணுள் மறைபவை

விரிவைத் தடுக்கும் பொருள்களுள் முதன்மையானது கழிவுநீர்க் குழாய். பிற்காலத்து அறைக்கு அடியில் ஆய்வுத்தொட்டி ஒன்று அகப்பட்டுவிட்டால், அடைப்பு ஏற்படும்போதெல்லாம் தரையைத் திறக்க நேரும். எடுத்துக்காட்டு வீட்டில் குழாய் மேற்கிலுள்ள 2 மீட்டர் சந்து வழியாக வடக்கே தெருவுக்குச் செல்கிறது. 20 மீட்டர் தொலைவுக்கு 50க்கு 1 என்ற வாட்டத்தில் 40 செ.மீ. இறக்கம் தேவை. தெருத்தொட்டியின் ஆழம் அதற்கு இடந்தருமா என்பதை முதலிலேயே அளந்திருத்தல் வேண்டும். மாடிக் குளியலறைக்கென ஒரு கிளைக்குழாயை இப்போதே விட்டு மூடிவைத்தால், பின்னர் ஒரு கல்லையும் பெயர்க்க வேண்டுவதில்லை.

தரைமட்டமும் பெரிதும் கவனிக்கத்தக்கது. 1908 செப்டம்பர் 28ஆம் நாள் மூசி ஆற்றில் பெருகிய வெள்ளம் நகரத்தின் பெரும்பகுதியை அழித்தது. அதன் பின்னர் விசுவேசுவரய்யா அவர்களின் யோசனையையொட்டி உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் நீர்த்தேக்கங்கள் எழுந்தன. ஆயினும் 2020 அக்டோபரில் பெய்த பெருமழையில், ஏரிகள் நிரம்பித் தாழ்ந்த பகுதிகளின் வீடுகளுள் நீர் புகுந்தது. எனவே புதிய பகுதியின் தரைமட்டத்தைப் பழைய வீட்டின் தரைமட்டத்துக்குத் தாழ்த்தலாகாது. முற்றத்தின் நீர் கிழக்கு வெளியிடத்துக்கு வடியும்படி வாட்டம் அமைதல் வேண்டும்.

நகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மி.மீ. மழை பெய்கிறது. 80 ச.மீ. கூரையில் விழுவதில் ஐந்தில் நான்கு பங்கைச் சேர்த்தால், ஆண்டுக்கு 51,000 லிட்டருக்குமேல் கிடைக்கும். புதிய பகுதியின் கூரை இன்னும் 23,000 லிட்டர் தரும். மழைநீர்க் குழியை இவ்விரண்டுக்கும் ஏற்ற அளவில், எந்தக் கடைக்காலுக்கும் அருகில் இராதபடி, கிழக்கு வெளியிடத்தில் முன்புறமாக அமைத்தல் நலம். 1,000 லிட்டர் நீர்த்தொட்டியின் நீர் மட்டுமே ஒரு டன் நிறையுடையது. அதனைப் பழைய வளைவுத் தளத்தின்மேல் வையாமல், புதிய தூண்களின்மேல் வைத்தல் வேண்டும்.

மின்பலகையில் பின்வரும் அறைகளுக்கெனச் சில இணைப்பிடங்களைக் காலியாக விடுதலும், நடைபாதைக் கூரை வழியாக ஒரு வெற்றுக் குழாயில் இழுகம்பி போட்டுவைத்தலும் சிறு செலவில் முடிபவை.

பிற இடங்களின் அனுபவம்

சிறிதாகத் தொடங்கிப் பின்னர் வளரும் வீட்டை முன்கூட்டியே வரையறுக்கும் முறை பிற இடங்களிலும் கையாளப்பட்டுள்ளது. இந்தூர் அருகே 1980களில் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி திட்டமிட்ட ஆரண்யா குடியிருப்பில், ஏழைக் குடும்பங்களுக்கு மனையும் அடிப்பீடமும் குழாய் வசதிகளும் கொண்ட கருப்பகுதி அளிக்கப்பட்டது. அறைகளைக் குடும்பங்கள் தம் வசதிக்கேற்ப எழுப்பிக்கொண்டன. இதற்கு 1995இல் ஆகா கான் கட்டடக்கலைப் பரிசு கிடைத்தது. சிலி நாட்டின் இகிகே நகரில் 2004ஆம் ஆண்டு அலெஹாந்திரோ அரவேனாவின் குழுவினர் அமைத்த வீடுகளில், பாதி வீடு கட்டித் தரப்பட்டது. மறுபாதிக்குரிய இடம் இரு சுவர்களுக்கிடையே விடப்பட்டது. இரண்டிலும் கொள்கை ஒன்றே. குடும்பம் தானே செய்துகொள்ளக் கடினமானவற்றை முதலில் முடித்து, எளியவற்றைப் பின்னுக்கு விட்டனர். எடுத்துக்காட்டு வீட்டில் அடித்தளமும் குழாயும் முந்திக்கொள்வதும் இக்காரணத்தாலேயே.

வகுப்பறைப் பயிற்சி

மாணவர்கள் தம் வீட்டையோ பள்ளிக் கட்டடத்தின் ஒரு பகுதியையோ அளந்து, கட்டத்தாளில் 50க்கு 1 அளவில் வரையலாம். அதன்மேல் மெல்லிய வரைதாள் ஒன்றை வைத்து இன்றைய மாற்றங்களையும், இன்னொரு தாளில் பத்தாண்டுக்குப் பின்வரும் விரிவையும் வரைதல் வேண்டும். மூன்று தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒளியில் பிடித்தால், எந்தச் சன்னல் மூடப்படுகிறது, எந்தக் குழாய் அறைக்கடியில் போகிறது என்பவை தாமே விளங்கும். நிழல் நீளத்தை அட்டை மாதிரியும் விளக்கும் கொண்டு சரிபார்க்கலாம். முக்கோணவியலுக்கு இதனினும் பயனுள்ள எடுத்துக்காட்டு அரிது.

முடிவுரை

செலவு மதிப்பீட்டை எழுதும்போது, ‘இப்போது செய்வது’, ‘பின்னர் செய்வது’, ‘ஒருபோதும் தொடக்கூடாதது’ என மூன்று பத்திகள் இடுதல் வேண்டும். எடுத்துக்காட்டு வீட்டில் முதற்பத்தியில் கூரை, குளியலறைப் பகுதி, இரு தளத்துக்குரிய அதன் அடித்தளம், குழாய், மின்கம்பி ஆகியவையும், இரண்டாம் பத்தியில் அறையும் மாடிப்படியும் மாடியும் வரும். மூன்றாம் பத்தியில் வளைவுத் தளத்தின் ஓரச் சுவரும் இழுகம்பிகளும், மாடி தாங்காத பழைய நடுச்சுவரும் இடம்பெறும். பணம் போதாவிட்டால் தரையின் பளபளப்பைக் குறைக்கலாம்; அடித்தளத்தைக் குறைக்கலாகாது. தரைக்கல்லை எப்போதும் மாற்றலாம். அடித்தளத்தைப் பின்னர் அகலப்படுத்துவது மிகக் கடினம்.

இறுதியாக, வரைபடங்களைப் பேணல் வேண்டும். அடித்தளத்தின் அளவு, கம்பிகளின் விட்டமும் எண்ணிக்கையும், ஒவ்வொரு ஆய்வுத்தொட்டியும் வீட்டின் இரு மூலைகளிலிருந்து எத்தனை மீட்டர் தொலைவில் உள்ளது என்பவை அவற்றில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். மண்ணை மூடுவதற்கு முன் எடுத்த நிழற்படங்களும் உடன் இருப்பது நலம். விரிவைக் கட்டும் நாளில் இன்றைய கொத்தனாரோ, ஒருவேளை வீட்டுக்காரரோகூட இல்லாதிருக்கலாம். பத்திரத்தோடு வைத்த அந்தச் சில தாள்களே, அடுத்து வருபவர் எங்கே தோண்டலாம், எதன்மேல் ஏற்றலாம் என்பதைக் கூறும்.